மணலி ஆலையின் ஈரானியப் பங்கு: அணுப் பேச்சுவார்த்தையும் விரிசல் கண்ட கூட்டணிகளும்

வடசென்னை மணலியில் இயங்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் பங்குதாரர் பட்டியலில், 51.89 விழுக்காடு வைத்துள்ள இந்தியன் ஆயிலுக்கு அடுத்த இடம் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தைச் சார்ந்த நாஃப்டிரான் இன்டர்டிரேட் நிறுவனத்துக்கு உரியது. அதன் பங்கு 15.4 விழுக்காடு. அதே மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உரத் தொழிற்சாலையிலும் நாஃப்டிரானுக்கு 25.77 விழுக்காடு உண்டு. ஆனால் 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரானியக் கச்சா எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆலையில் பங்கு உண்டு, ஆலைக்குச் சரக்கு அனுப்ப வழியில்லை என்ற இந்த நிலை எப்படி உருவானது என்று தேடினால், ஈரானின் அணுத் திட்டத்தை முன்னிட்டு அமெரிக்காவுக்கும் அதன் நட்பு நாடுகளுக்கும் இடையே இருபது ஆண்டுகளாக வளர்ந்துவந்த மனத்தாங்கலின் வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கிறது.

அந்த மனத்தாங்கலின் வேர், பொதுவாகக் கருதப்படுவதுபோல், ஈரானிடம் அணுகுண்டு இருக்கலாமா என்ற கேள்வியில் இல்லை. இருக்கக்கூடாது என்பதில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இஸ்ரேல், சவூதி அரேபியா, இந்தியா ஆகிய எல்லா நாடுகளும் ஒரே நிலையில்தான் இருந்தன. பேச்சு நடக்கிறது என்பது யாருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது, எடுத்த முடிவுக்கான செலவை யார் தலையில் கட்டினார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் அவை பிரிந்தன. செயலில் இணங்கிப்போவது வேறு, மனதார உடன்படுவது வேறு. இந்த விவகாரம் முழுவதிலும் நட்பு நாடுகள் உடன்படாமலே இணங்கின என்பதே இந்த ஆய்வின் முடிபு. அதற்கு மணலியைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் காரணம், அரசுகளின் அறிக்கைகளில் தெரியாத பல விஷயங்கள் ஓர் எண்ணெய் ஆலையின் காப்பீட்டுப் பத்திரத்தில் தெரிகின்றன என்பதுதான்.

அமெரிக்கரும் ஈரானியரும் பங்காளிகளாக இருந்த காலம்

சென்னை பெட்ரோலியத்தின் முந்தைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். மணலியின் பழைய குடியிருப்புகளில் இன்றும் 'எம்.ஆர்.எல்.' என்றே வழங்கும் அந்த ஆலை 1965இல் தொடங்கப்பட்டபோது, இந்திய அரசு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனம் 13 விழுக்காடும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் 13 விழுக்காடும் போட்டிருந்தன. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு 1969இல் இயங்கத் தொடங்கிய ஆலை, ஈரானின் 'டேரியஸ்' வகைக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. எண்ணெய்க் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்தில் சரக்கை இறக்க, அது வடசென்னைக் குடியிருப்புகளை ஊடுருவிச் செல்லும் குழாய் வழியாக மணலிக்குப் போனது.

அமெரிக்கரும் ஈரானியரும் மணலியில் கூட்டாக முதலீடு செய்த அதே காலத்தில்தான், அமெரிக்கா ஈரானுக்கு அணு உலையும் கொடுத்தது. 'அமைதிக்கான அணு' திட்டத்தின்கீழ் 1957இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1967இல் தெஹ்ரானில் 5 மெகாவாட் ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. அதற்கு அமெரிக்கா அனுப்பிய எரிபொருள், இன்று ஈரான் நெருங்கவே கூடாது என்று சொல்லப்படும் அளவுக்கு, அதாவது 90 விழுக்காட்டுக்கும் மேல் செறிவூட்டப்பட்ட, அணுகுண்டுக்கே பயன்படும் தரமுள்ள யுரேனியம். ஷா மன்னர் ஆட்சியில் இருந்தவரை இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. 1979இல் புரட்சி வந்தது, 1985இல் அமோகோ தன் பங்கை விட்டு வெளியேறியது, ஈரான் மட்டும் மணலியில் தங்கிவிட்டது.

இந்தியா போட்ட வாக்கு

நத்தான்சிலும் அராக்கிலும் ஈரான் அறிவிக்காமல் அணு நிலையங்களைக் கட்டிவருகிறது என்பதை 2002 ஆகஸ்டில் ஈரானிய எதிர்ப்புக் குழு ஒன்று வெளிப்படுத்திய பின்னர், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து தெஹ்ரானுடன் பேச முன்வந்தன. ஈராக் போரில் அமெரிக்காவோடு ஒன்றுபட முடியாமல் நின்ற பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும், போரில்லாமலும் இத்தகைய சிக்கலைத் தீர்க்கலாம் என்று காட்டும் வாய்ப்பாக அது அமைந்தது.

இந்தியாவுக்கு இந்த விவகாரம் வேறு வாசல் வழியாக வந்தது. 2005 ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் சிவில் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தார்கள். இரண்டே மாதம் கழித்து, செப்டம்பர் 24 அன்று, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுவில் ஈரானுக்கு எதிரான தீர்மானம் வந்தபோது இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. 22 நாடுகள் ஆதரித்தன, 12 நாடுகள் விலகி நின்றன, வெனிசுவேலா மட்டும் எதிர்த்தது. அணிசேரா இயக்கத் தோழமையைக் கருதி இந்தியாவும் விலகி நிற்கும் என்றுதான் தெஹ்ரான் எதிர்பார்த்திருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று மீண்டும் வாக்கெடுப்பு நடக்கவிருந்த நிலையில், இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களிக்காவிட்டால் அணு ஒப்பந்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் செத்துவிடும் என்ற பொருள்படத் தில்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் டேவிட் மல்ஃபோர்டு வெளிப்படையாகவே பேசினார். ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக எரிவாயுக் குழாய் கொண்டுவரும் திட்டத்தில் பெரும் ஆர்வம் காட்டிய மணிசங்கர் ஐயர், அந்த ஜனவரி மாதத்தில்தான் பெட்ரோலியத் துறையிலிருந்து மாற்றப்பட்டார். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை அன்றைய விமர்சகர்கள் கவனிக்காமல் விடவில்லை.

இந்தியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. ஈரான் கையெழுத்திட்ட நாடு. கையெழுத்திடாத நாடு, கையெழுத்திட்ட நாட்டை ஒப்பந்த மீறலுக்காகக் கண்டிக்கும் தீர்மானத்தை ஆதரித்தது. கையெழுத்திடாமலே அணு வணிகம் செய்ய, 2008 செப்டம்பரில் அணு வழங்கு நாடுகள் குழுமத்தின் விதிவிலக்கையும் பெற்றது. தன்னலக் கணக்கில் இது சரியான முடிவே என்று நான் கருதுகிறேன். ஆனால் அதைக் கொள்கை முடிவு என்று அப்போது நாடாளுமன்றத்தில் விளக்கியது நம்பும்படியாக இல்லை.

எண்ணெய் வந்தது, பணம் போகவில்லை

பாதுகாப்புச் சபைத் தீர்மானங்கள் 2006 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதிலும், அவற்றில் எதுவும் ஈரானிடம் கச்சா எண்ணெய் வாங்குவதைத் தடை செய்யவில்லை. சவூதிக்கு அடுத்து இந்தியாவுக்கு அதிகம் எண்ணெய் விற்ற நாடாக ஈரான் அப்போது இருந்தது. கடன் தவணை, கப்பல் கட்டணம் ஆகியவற்றில் தாராளமாகவும் நடந்துகொண்டது. நெருக்கடி வேறு பக்கமிருந்து வந்தது. மணலிப் பங்கோடு தொடர்புடைய நாஃப்டிரானின் சுவிட்சர்லாந்து நிறுவனத்தை 2010 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஈரானுக்கான எண்ணெய்ப் பணத்தை, ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியாகச் செலுத்தும் நடைமுறையை இந்திய ரிசர்வ் வங்கி திடீரென்று நிறுத்தியது.

அதற்குப் பின் நடந்ததைக் கடன்காரனுக்குக் காசு கொடுக்க ஆள் தேடி அலைந்த கதை என்றே சொல்லவேண்டும். கொடுக்க மனமும் இருந்தது, கையில் பணமும் இருந்தது, வாங்கிக் கொடுக்கத்தான் வங்கி இல்லை. ஹாம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய-ஈரானிய வணிக வங்கி வழியாகச் சில மாதங்கள் பணம் போனது. ஜெர்மனி முதலில் அதை அனுமதித்தது, பின்னர் அமெரிக்க அழுத்தத்தால் கைவிட்டது. 2011 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வங்கியையே தடைக்கு உட்படுத்தியது. அடுத்துத் துருக்கியின் ஹால்க் வங்கி கைகொடுத்தது. அது தயங்கத் தொடங்கியபோது, 2012இல், தொகையில் 45 விழுக்காட்டைக் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தி, அந்தப் பணத்தைக்கொண்டு ஈரான் இந்தியாவிலேயே பொருள் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உருவானது. இத்தனைக்குப் பிறகும் பாக்கி குவிந்தது. 2016இல் தடைகள் விலகியபோது இந்திய ஆலைகள் ஈரானுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது 600 கோடி டாலருக்கும் மேல்.

பணத்தைவிடப் பெரிய தடையாகக் காப்பீடு அமைந்தது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெயைத் தடை செய்ததோடு, அந்த எண்ணெயை ஏற்றும் கப்பல்களுக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் காப்பீடு வழங்குவதையும் தடுத்தது. உலகின் பெரும்பான்மையான எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்த நிறுவனங்களே காப்புறுதி தருகின்றன. எண்ணெய்க் கசிவுக்கு மட்டும் அவற்றின் உச்சவரம்பு 100 கோடி டாலர். மாற்றாக இந்திய அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க முன்வந்தது பயணம் ஒன்றுக்கு 5 கோடி டாலர். இருபதில் ஒரு பங்கு காப்புறுதியோடு ஒரு கச்சா எண்ணெய்க் கப்பல் கரையை நோக்கி வருவதன் பொருளை, பின்னர் வேறொரு விபத்தில் எண்ணூர்க் கரை கண்டுகொண்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கசிந்த எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். அவை ஈரானிய எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் அல்ல. விபத்துக்கும் அணு விவகாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் காப்பீட்டு உச்சவரம்பு என்பது வலை நாசமானவருக்கும் தொழில் நின்றவருக்கும் கிடைக்கும் இழப்பீட்டின் எல்லை என்பதை அந்தக் கரையில் நின்றவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பிரஸ்ஸல்ஸில் அந்தத் தடையை எழுதியவர்களின் கணக்கில் அந்தக் கரை இருந்திருக்காது. எருதின் புண் காக்கைக்குத் தெரியாது என்று நம்மூரில் சொல்வது இதைத்தான்.

வியன்னாவுக்கு வெளியே நின்றவர்கள்

ஒபாமா அரசின் அதிகாரிகள் ஓமன் நாட்டின் உதவியோடு ஈரானியர்களை இரகசியமாகச் சந்தித்துப் பேசியதன் விளைவாக, 2013 நவம்பர் 24 அன்று ஜெனீவாவில் இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாஹு அதை வரலாற்றுத் தவறு என்றார். ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்துக்கு இணையாக இஸ்ரேலியர்களைப் புண்படுத்தியது, அந்தப் பேச்சு தங்களுக்குத் தெரியாமல் தொடங்கியது என்பதுதான். சவூதி அரேபியா அதற்கு முந்தைய மாதமே, பாதுகாப்புச் சபையில் தனக்குக் கிடைத்த இடத்தைத் தேர்தலுக்கு மறுநாள் வேண்டாம் என்று உதறியது. சிரியா முதன்மைக் காரணம் என்றாலும், வாஷிங்டன் தெஹ்ரானை நோக்கித் திரும்புகிறது என்ற ஐயமும் அதில் கலந்திருந்தது.

2015 மார்ச் 3 அன்று, வெள்ளை மாளிகையைக் கலந்துகொள்ளாமல் அவைத்தலைவர் ஜான் போனர் விடுத்த அழைப்பை ஏற்று, நெதன்யாஹு அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று அமெரிக்க அதிபரின் கொள்கைக்கு எதிராகப் பேசினார். ஒரு நட்பு நாட்டின் தலைவர் விருந்தினராகப் போய் அந்த வீட்டுத் தலைவரை அவர் வீட்டுக் கூடத்திலேயே மறுத்துப் பேசியதற்கு இணையான நிகழ்வு அண்மைக் கால அரசுறவில் அரிது. மே மாதத்தில் கேம்ப் டேவிட்டில் ஒபாமா கூட்டிய வளைகுடா மாநாட்டுக்கு மன்னர் சல்மான் வரவில்லை.

ஜூலை 14 அன்று ஈரானுக்கும் அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகளுக்கும் இடையே வியன்னாவில் முடிவான ஒப்பந்தம், ஈரானின் செறிவூட்டலை 3.67 விழுக்காட்டுக்கும், இருப்பை 300 கிலோவுக்கும், நத்தான்ஸ் நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளை 5,060க்கும் கட்டுப்படுத்தியது. ஈரான் மீறினால் ஐ.நா. தடைகள் தாமாகவே திரும்பிவரும் என்ற விதியும் அதில் சேர்க்கப்பட்டது. அதைத் தடுக்க எந்த வல்லரசின் மறுப்பு வாக்கும் பயன்படாது என்பதால், இதைவிட இறுக்கமான பிடி முந்தைய ஒப்பந்தங்களில் இருந்ததில்லை. பின்னாளில் நட்பு நாடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது இந்த விதியை வைத்துத்தான்.

தடைக்கு முன்பே பணிந்த ஆலை

2018 ஏப்ரலில் மக்ரோனும் மெர்க்கலும், மே தொடக்கத்தில் போரிஸ் ஜான்சனும் வாஷிங்டனுக்கு நேரில் சென்று ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முயன்றார்கள். மே 8 அன்று டிரம்ப் விலகினார். அன்றே பெர்லினில் பொறுப்பேற்றிருந்த அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் கிரெனெல், ஜெர்மன் நிறுவனங்கள் ஈரானில் தங்கள் தொழிலை உடனே சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பிய ஒன்றியம் ஆகஸ்டில் ஒரு சட்டத்தைப் புதுப்பித்து, அமெரிக்கத் தடைக்குத் தன் நிறுவனங்கள் பணியக்கூடாது என்றது. அதே மாதம் பிரான்சின் டோட்டல் நிறுவனம் ஈரானின் சவுத் பார்ஸ் எரிவாயு வயலிலிருந்து வெளியேறியது. டாலர் வங்கிகளை இழக்க எந்த நிறுவனமும் தயாராக இல்லாதபோது, பணியாதே என்று சட்டம் சொல்லி என்ன பயன்? டாலரைத் தொடாமல் ஈரானோடு வணிகம் செய்வதற்காக 2019 ஜனவரியில் பாரிஸில் தொடங்கப்பட்ட 'இன்ஸ்டெக்ஸ்' என்ற பண்டமாற்று அமைப்பு, 2020 மார்ச்சில் மருத்துவப் பொருள் தொடர்பான ஒரே ஒரு பரிமாற்றத்தை முடித்து, 2023இல் மூடப்பட்டது.

மணலியில் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். ஆலையின் ஆண்டுக் காப்பீடு அக்டோபரில் புதுப்பிக்கப்படவேண்டும். புதிய பத்திரம் ஈரானியக் கச்சா எண்ணெயைக் கையாள்வதால் வரும் எந்தப் பொறுப்பையும் ஏற்காது என்று காப்பீட்டாளர் தெரிவித்ததால், ஈரானிய எண்ணெயைச் சுத்திகரிப்பதை அக்டோபரிலிருந்து ஆலை நிறுத்துகிறது என்று 2018 ஆகஸ்டில் செய்தி வந்தது. அமெரிக்காவின் எண்ணெய்த் தடை நடைமுறைக்கு வந்ததோ நவம்பர் 5 அன்றுதான். அன்று இந்தியா உட்பட எட்டு வாடிக்கையாளர்களுக்கு அமெரிக்கா ஆறு மாத விலக்கும் அளித்தது. தடை வருமுன்னே, விலக்கு கிடைக்குமா என்று காத்திருக்காமலே, நாஃப்டிரானின் சார்பில் இயக்குநர்களை ஏற்றுவந்துள்ள ஒரு நிறுவனம் ஈரானிய எண்ணெயை ஒதுக்கவேண்டியிருந்தது. இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை ஐ.நா. தடைகளை மட்டுமே ஏற்கும், ஒரு நாடு தன்னிச்சையாக விதிக்கும் தடைகளை ஏற்காது என்று தில்லி அக்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. கொள்கை தில்லியில் இருந்தது. காப்பீட்டுப் பத்திரம், காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டுச் சந்தையின் கையில் இருந்தது.

விலக்கு 2019 மே மாதத்தில் முடிந்தது. தென் கொரியாவின் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஈரானிய எண்ணெய்க்குக் கொடுக்கவேண்டிய ஏறத்தாழ 700 கோடி டாலர் சியோல் வங்கிகளில் முடங்கியது. 2021 ஜனவரியில் ஹன்குக் கெமி என்ற கொரியக் கப்பலை ஈரான் பிடித்துவைத்தது. வாஷிங்டன் எடுத்த முடிவுக்காகத் தெஹ்ரான் பழிதீர்த்துக்கொண்டது சியோலிடம்.

ஒரே விதி, இரண்டு கைகள்

2020 ஆகஸ்ட் 14 அன்று ஈரான் மீதான ஆயுதத் தடையை நீட்டிக்க அமெரிக்கா பாதுகாப்புச் சபையில் கொண்டுவந்த தீர்மானத்துக்கு, அமெரிக்காவைத் தவிர டொமினிக்கன் குடியரசு மட்டுமே ஆதரவளித்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் விலகி நின்றன. பின்னர் தடைகளை மீட்கும் விதியை அமெரிக்கா பயன்படுத்த முயன்றபோது, ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியவருக்கு அந்த உரிமை இல்லை என்று அந்த மூன்று நாடுகளும் கூறின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று, அதே விதியை அதே மூன்று நாடுகளே கையில் எடுத்தன. செப்டம்பர் முடிவில் ஐ.நா. தடைகள் திரும்பின. இடையில் ஈரான் 60 விழுக்காடு வரை செறிவூட்டிவிட்டது, உக்ரைன் போருக்கு ரஷ்யாவுக்கு டிரோன்களைக் கொடுத்தது. ஐரோப்பாவின் மனமாற்றத்துக்கு இவை போதுமான காரணங்கள். ஆயினும் அந்தக் காலக்கெடுவும் ஒரு காரணம். அக்டோபர் 18ஆம் தேதியோடு அந்த விதி காலாவதியாகவிருந்தது. பேச்சுவார்த்தையில் ஐரோப்பாவிடம் மிச்சமிருந்த ஒரே பிடி அதுதான். பயன்படுத்தாவிட்டால் அதுவும் போய்விடும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று, ஈரானோடு நேரடிப் பேச்சு தொடங்குகிறது என்று டிரம்ப் அறிவித்தபோது நெதன்யாஹு அவர் அருகிலேயே அமர்ந்திருந்தார். 2013இல் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், இம்முறை அறைக்குள் உட்காரவைக்கப்பட்டு உலகத்தோடு சேர்ந்து கேட்டுக்கொண்டார். ஆறாவது சுற்றுப் பேச்சு ஜூன் 15 அன்று மஸ்கட்டில் நடப்பதாக இருந்தது. ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கியது. 22 அன்று அமெரிக்கா ஃபோர்டோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கியது. பத்தாண்டுகளுக்கு முன் ஈரான் மீது கடுமை போதாது என்று கோபித்துக்கொண்ட சவூதி அரேபியா, இப்போது ஈரானைச் சகோதர நாடு என்று குறிப்பிட்டு இஸ்ரேலியத் தாக்குதலைக் கண்டித்தது. 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் ஈரானோடு உறவைப் புதுப்பித்துக்கொண்ட ரியாத்துக்கு, ஏவுகணைகள் தன் வானத்தைக் கடந்து பறப்பது கொள்கைப் பிரச்சினையாக இல்லை. எண்ணெய் நிலையங்களின் பாதுகாப்புப் பிரச்சினையாகவே இருந்தது.

இந்தியா ஜூன் மாதத்தில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் கண்டனத்திலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. ஜூலையில் ரியோவில் பிரிக்ஸ் நாடுகள் ஈரான் மீதான தாக்குதலைக் கண்டித்து வெளியிட்ட அறிக்கையில் சேர்ந்துகொண்டது. மூன்றே வாரங்களில் இரண்டு நிலைகள். செப்டம்பரில் சாபஹார் துறைமுகத்துக்கான விலக்கை அமெரிக்கா திரும்பப் பெற்றது. 2024 மே மாதத்தில் பத்தாண்டு ஒப்பந்தம் செய்து இந்தியா நடத்த எடுத்துக்கொண்ட ஈரானியத் துறைமுகம் அது. அக்டோபரில் ஆறு மாத அவகாசம் கிடைத்தது. 2018இல் எண்ணெய்க்குக் கிடைத்ததும் ஆறு மாதம்தான்.